பிரிவின் கணக்கு: சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் மிஷன் வாழ்வு

வெளிநாடு சென்ற கிறிஸ்தவ மிஷனரிமாரின் இன்ப துன்பங்களைச் சொல்லும் நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏராளமாக அச்சாயின. புலி, நாகம், வெள்ளம், காய்ச்சல், கல்லெறி ஆகியவை அந்நூல்களில் மீண்டும் மீண்டும் வரும். அவற்றுள் குறிப்பிடத்தக்க சில நூல்கள் சித்தூர், மதனப்பள்ளி, வேலூர் ஆகிய ஊர்களைச் சுற்றிய வாழ்விலிருந்து பிறந்தவை. ஆனால் அக்குடும்பங்களின் வரலாற்றை ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்ப்பவருக்கு வேறொரு துன்பம் முன்னே வந்து நிற்கும். அது பிரிவு. பெற்றோரும் பிள்ளைகளும் கடலுக்கு இருபுறமும் வாழ்ந்ததே மிஷன் வாழ்வின் அன்றாட நிலை. அதே காலத்தில், அதே ஊர்களில், மிஷனோடு சேர்ந்த உள்நாட்டு மக்களும் பிரிவைச் சந்தித்தனர். முதல் பிரிவு ‘தியாகம்’ என்று எழுதப்பட்டது. இரண்டாவது பிரிவு ‘விசுவாசத்தின் சோதனை’ என்று எழுதப்பட்டது, அல்லது எழுதப்படவே இல்லை. இந்த இரு பிரிவுகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களம்

இன்றைய மாநில எல்லைகளைக் கொண்டு அக்காலத்துச் சித்தூரை நோக்குவது பிழையாகும். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை, சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகராக விளங்கியது சித்தூரே. கலெக்டரின் கச்சேரியும் நீதிமன்றமும் அங்கேதான் இருந்தன. வேலூரும் ஆரணியும் திருப்பதியும் அதே மாவட்டத்தில் அடங்கின. மதனப்பள்ளி மட்டும் அன்று கடப்பை மாவட்டத்தில் இருந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் ஒலித்த நிலம் இது. தெற்கே தமிழ் மிகுதி, வடக்கே தெலுங்கு மிகுதி, இடையில் இரண்டும் கலந்த ஊர்கள்.

மிஷனரிமார் வருவதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் அரசுக்கும் சமயத்துக்கும் இடையே ஒரு சிக்கலான உறவு இருந்தது. 1801இல் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும் திருமலைக் கோயிலின் வரவு செலவும் அதன் மேற்பார்வைக்கு வந்தது. வட ஆற்காடு கலெக்டரே கோயில் நிர்வாகத்தைக் கவனித்தார். 1821இல் தொகுக்கப்பட்ட ‘புரூஸ் கோடு’ என்னும் விதித்தொகுப்பு அந்நிர்வாகத்துக்கென்றே எழுந்தது. கிறிஸ்தவ அரசொன்று கோயில் காணிக்கையை எண்ணுவதா என்று இங்கிலாந்திலும் இந்தியாவிலும் மிஷன் ஆதரவாளர்கள் கண்டனம் எழுப்பினர். கம்பெனி கோயில்களிலிருந்து விலகத் தொடங்கியது. 1843இல் திருமலை நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1933இல் தேவஸ்தானச் சட்டம் வரும் வரை அந்த ஏற்பாடு நீடித்தது. எனவே திருப்பதியில் மிஷனரி ஒருவர் வந்து நிற்பதற்கு முன்பே மிஷன் சிந்தனை அக்கோயிலின் நிர்வாக வரலாற்றைத் தொட்டிருந்தது. அந்தத் தொடுகை பயன்பட்டதோ மடத்துக்கு. மலைமேல் ஐரோப்பியர் ஏறும் வழக்கம் இல்லை. யாத்திரிகர் கூட்டத்தை அவர்கள் அடிவாரத்திலும் சாலையோரத்திலும்தான் சந்திக்க முடிந்தது.

ஒரு குடும்பமும் ஒரு மிஷனும்

நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் செய்துவந்த ஜான் ஸ்கடர், நோயாளி ஒருவரின் வீட்டில் கிடைத்த சிறு பிரசுரத்தைப் படித்து மனம் மாறி, 1819 ஜூனில் மனைவி ஹாரியட்டுடனும் கைக்குழந்தையுடனும் கப்பல் ஏறினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் பாதை அது. கப்பல் கல்கத்தாவை அடைந்தபோது மாதங்கள் கடந்திருந்தன. அங்கேயே குழந்தை இறந்தது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் அவர்கள் குடியேறும் முன்பே மிஷன் வாழ்வின் முதல் கல்லறை எழும்பிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் பணியாற்றிய பின் 1836இல் ஸ்கடர் சென்னைக்கு மாறினார். ஹாரியட் 1849இல் சென்னையில் இறந்தார். ஸ்கடர் உடல்நலம் தேடித் தென்னாப்பிரிக்கா சென்றபோது 1855இல் வின்பர்க்கில் காலமானார். அவர்களுடைய மகன்களில் எழுவர் இந்தியாவில் மிஷனரிகளாயினர். மூத்தவரான ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1822இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவரும் தம்பியர் வில்லியம், ஜோசப் இருவரும் சேர்ந்து 1853இல் அமெரிக்க ஆற்காடு மிஷனை அமைத்தனர். வேலூர், ஆரணி ஆகியவற்றுடன் சித்தூரும் அதன் தொடக்க நிலையங்களுள் ஒன்று. 1857 முதல் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபை அம்மிஷனைத் தன் நேரடிப் பொறுப்பில் ஏற்றது.

நான்கு தலைமுறைகளில் ஸ்கடர் குடும்பத்தைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் மிஷன் பணியில் ஈடுபட்டனர் என்றும், அவர்களுடைய பணிக்காலத்தைக் கூட்டினால் ஆயிரத்து நூறு ஆண்டுகளைக் கடக்கும் என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு குடும்பத்தின் உழைப்பை இவ்வாறு கூட்டிப் பார்ப்பதில் தவறில்லை. அக்கூட்டலைச் செய்யப் பதிவேடுகள் இருந்தன என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

பிள்ளைகள்

இந்திய வெயிலில் வெள்ளையர் குழந்தைகள் தேறமாட்டார்கள், இங்கே வளர்ந்தால் கல்வியும் ஒழுக்கமும் கெடும் என்னும் இரு நம்பிக்கைகள் அன்று வலுவாக இருந்தன. அதனால் பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பினர். ஹென்றியும் அந்த வயதிலேயே அனுப்பப்பட்டவர். உறவினர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்ந்து, பட்டம் பெற்று, 1844இல் அவர் திரும்பி வந்தார். கடிதம் ஒன்று போய்ச் சேரவே மாதக்கணக்கானது. மகன் எழுதிய செய்தியைப் பெற்றோர் படிக்கும்போது அச்செய்தி பழையதாகியிருக்கும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பின்னரே பயணமும் தபாலும் விரைவடைந்தன.

ஹென்றியின் பிற்கால வாழ்வில் இந்தப் பிரிவு மீண்டும் வருகிறது. உடல்நலம் குன்றி 1864இல் இந்தியாவை விட்ட அவர், சான்பிரான்சிஸ்கோ, புரூக்ளின், சிகாகோ ஆகிய நகரங்களில் போதகராக இருந்தார். அவருடைய தம்பி ஜானின் மகள் ஐடா 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். 1878இல் தந்தையின் உடல்நலத்துக்காகக் குடும்பம் அமெரிக்கா சென்று நெப்ராஸ்காவில் பண்ணை வாழ்வு நடத்தியது. சில ஆண்டுகளில் தந்தை இந்தியா திரும்பினார். பின்னர்த் தாயும் சென்றார். சிறுமி ஐடா சிகாகோவில் பெரியப்பா ஹென்றியின் வீட்டில் விடப்பட்டார். சிறுவயதில் பெற்றோரைப் பிரிந்த ஒருவர், ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே காரணத்துக்காகப் பெற்றோரைப் பிரிந்த சிறுமியைத் தம் வீட்டில் ஏற்றார். அடுத்த தலைமுறைக்கும் இதுவே நேரும் என்று தெரிந்தே குடும்பம் அப்பணியைத் தொடர்ந்தது. மிஷனரியாக வரவே மாட்டேன் என்று இளம் ஐடா உறுதி பூண்டிருந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்வதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

இன்பம் எங்கே இருந்தது

இத்தகைய வாழ்வை மனிதர் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்தனர் என்றால், அதில் அவர்களைப் பிடித்து நிறுத்திய இன்பம் எது என்று கேட்க வேண்டும். சமய நம்பிக்கை என்பது முதல் விடை. அதற்கு அடுத்த நிலையில் ஆவணங்கள் காட்டும் விடை மொழி. ஆற்காடு மிஷன் தன் தொடக்க ஆண்டுகளில் ஆங்கிலப் பள்ளிகளை விட ஊர்தோறும் சென்று மக்களின் மொழியில் பேசுவதையே முதன்மையாகக் கொண்டது. ஹென்றி தமிழில் சரளமாகப் பேசியவர். தெருப் பிரசங்கிகளுக்காக அவர் தமிழில் எழுதிய கையேடு பின்னர் ‘பஜார் புக்’ என்னும் பெயரில் ஆங்கிலத்துக்குச் சென்றது. எதிர் சமயத்தைத் தாக்கும் நோக்கம் கொண்ட நூல் அது. எனினும் அதை எழுதத் தமிழ்ச் செய்யுள்களைக் கற்க வேண்டியிருந்தது. வாதாடப் போனவர் முதலில் மாணவராக அமர வேண்டிய நிலை அது. மிஷனரியின் நாள் முன்ஷியின் முன் தொடங்கியது.

ஜேக்கப் சேம்பர்லினின் வாழ்வு இதற்கு இன்னும் தெளிவான சான்று. 1835இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்து, இறையியலுடன் மருத்துவமும் கற்ற அவர் முதலில் பலமநேரில் தங்கினார். 1863இல் மதனப்பள்ளிக்கு மாறினார். அதே ஆண்டில் நிஜாமின் நாட்டையும் கோதாவரிக் காடுகளையும் கடந்து ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு மைல் பயணம் செய்தார். அப்பயணத்தில் பிடித்த காய்ச்சல் அவரை ஆயுள் முழுவதும் விடவில்லை. நோயால் பலமுறை அமெரிக்கா போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். தெலுங்கு விவிலியத்தின் திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். தெருவில் நின்று தெலுங்குப் பாட்டால் கூட்டம் சேர்ப்பது, பின் பேசுவது, பின் மருந்து கொடுப்பது என்பது அவர்களுடைய ஊர்ப்பயண முறை. 1908இல் அவர் இறந்தது மதனப்பள்ளியில். பிறந்த நாட்டில் கழித்த ஆண்டுகளை விட இங்குக் கழித்த ஆண்டுகள் அதிகம்.

அவருடைய ‘இன் த டைகர் ஜங்கிள்’ 1896இலும் ‘த கோப்ராஸ் டென்’ 1900இலும் வெளிவந்தன. தலைப்புகளே நூல்களின் வாசகர் யார் என்பதைச் சொல்லிவிடும். காணிக்கை தரும் அமெரிக்கச் சபையாருக்குப் புலியும் நாகமும் புரியும். வினையெச்சத்தையும் பெயரெச்சத்தையும் பற்றி முன்ஷியோடு கழித்த பிற்பகலின் மகிழ்ச்சி புரியாது. எனவே துன்பம் சாகசமாகவும், இன்பம் மனமாற்றங்களின் எண்ணிக்கையாகவும் எழுதப்பட்டன. மிஷன் நூல்களை ஆதாரமாகக் கொள்ளும் ஆய்வாளர் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய வரம்பு இது.

பஞ்சம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வட ஆற்காடும் கடப்பையும் நெல்லூரும் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்கள். மிஷன் வளாகங்கள் கஞ்சித் தொட்டிகளாகவும் அநாதைப் பிள்ளைகளின் இல்லங்களாகவும் மாறின. ஆறேழு வயதுச் சிறுமியான ஐடா பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நினைவு அவரை நீண்ட காலம் தொடர்ந்தது.

பஞ்சம் மிஷனரிமாரை ஓர் அறச்சிக்கலிலும் தள்ளியது. சோறு தருபவரின் சமயத்தில் சேர வருவோரை ஏற்பதா, மறுப்பதா? வடக்கே ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் நிவாரண வேலையில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி கிடைக்கச் செய்தார். பஞ்சம் நீடித்த காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்தி வைத்தார். நிவாரணம் முடிந்த பின் 1878 ஜூலையில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். மிஷன் உலகம் அதைப் பெருவெற்றியாகக் கொண்டாடியது. விமரிசகர்கள் ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்று ஏளனம் செய்தனர். இரு சாராரும் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு. பஞ்சம் முடிந்து, கஞ்சித் தொட்டி மூடிய பின்னும் அம்மக்களில் பெரும்பாலோர் ஏன் சபையில் நிலைத்தனர்? அவர்களை அதுவரை ஒருவரும் பெயர் சொல்லிப் பதிவேட்டில் எழுதியதில்லை என்பதும் அதற்கான விடைகளுள் ஒன்றாக இருக்கலாம்.

மறுபக்கத்துப் பிரிவு

மிஷனரிமாரின் பிரிவுக்குக் கடிதங்கள் சான்று. உள்நாட்டுக் கிறிஸ்தவரின் பிரிவுக்குச் சட்டப் புத்தகம் சான்று. 1850ஆம் ஆண்டின் சாதி இடர் நீக்கச் சட்டம், சமயம் மாறியவர் குடும்பச் சொத்தில் தம் உரிமையை இழக்கமாட்டார் என்று விதித்தது. 1866இல் வந்த மற்றொரு சட்டம், சமயம் மாறியவரோடு வாழ மறுக்கும் வாழ்க்கைத் துணையிடமிருந்து மணமுறிவு பெற வழி செய்தது. குடும்பம் சொத்தைப் பறிக்கும், மனைவியோ கணவனோ விட்டு விலகுவர் என்பதை அரசே முன்கூட்டி அறிந்து சட்டம் இயற்றிய அளவுக்கு அப்பிரிவு பரவலானது. சொத்துரிமையைச் சட்டம் காத்தது. பந்தியில் இடம், தாயின் இறுதிச் சடங்கில் இடம், தங்கையின் திருமணத்தில் இடம் ஆகியவற்றை எந்தச் சட்டமும் காக்க இயலவில்லை.

அச்சட்டங்களும் சொத்துடையோருக்கே பயன்பட்டன. வட ஆற்காட்டிலும் அதை அடுத்த தெலுங்கு வட்டாரங்களிலும் மிஷனில் சேர்ந்தோரில் பெரும்பான்மையினர் பறையர், மாலர் சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற உழைப்பாளர். அவர்கள் தனி ஆளாக வராமல் குடும்பம் குடும்பமாகவும் தெரு தெருவாகவும் வந்தனர். எனவே உறவினரைப் பிரியும் துன்பம் அவர்களுக்குக் குறைவு. அவர்களை வாட்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகலாகாது என்பது சபையின் விதி. பண்ணையாளுக்கு ஓய்வுநாள் என்று ஒன்று உண்டு என்பதை நிலவுடைமையாளர் ஏற்கவில்லை. வேலை மறுப்பு, கடனைத் திருப்பிக் கேட்டல், குடியிருக்கும் மனையிலிருந்து வெளியேற்றுதல், மேய்ச்சல் தடை ஆகியவை அதற்குப் பதிலடியாக வந்தன. ஊர்த்தெய்வத்தின் திருவிழாவில் பறையடிக்க மறுத்ததும் மோதலானது. மதம் மாறியதால் நேர்ந்த துன்பம் என்று மிஷன் அறிக்கைகள் குறிக்கும் பலவற்றின் அடியில் கூலியும் நிலமும் இருந்தன.

சாதியை முழுமையாகக் கைவிட வேண்டும் என்பதில் ஆற்காடு மிஷன் கண்டிப்பாக இருந்தது. தரங்கம்பாடி மரபில் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. அதனால் அம்மிஷனுக்குள்ளேயே பிளவும் ஏற்பட்டது. கடல் கடந்து வந்த மிஷனரிக்குச் சாதி என்பது கைவிட வேண்டிய ஒரு தவறு. சேர்ந்தவருக்கோ திருமண உறவு, கடன், வேலை, பாதுகாப்பு யாவும் அதன் வழியாகவே வந்தன. கைவிடச் சொன்னவர் அதற்கு ஈடாக வேறோர் உறவு வட்டத்தை உருவாக்கித் தரவேண்டியிருந்தது. பள்ளி, விடுதி, திருமண ஏற்பாடு, வேலை ஆகிய அனைத்தையும் மிஷன் வளாகமே ஏற்றதற்கு இதுவே காரணம். சித்தூரில் மிஷன் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் படித்த பெண்கள் உபதேசியாரின் மனைவியராகவும் ஆசிரியைகளாகவும் ஆனது தற்செயலன்று.

உபதேசியாரும் பைபிள் ஸ்திரீகளும்

ஆற்காடு மிஷனின் பணியில் பெரும்பகுதியை நடத்தியவர்கள் உபதேசியாரும் ஆசிரியர்களும் பைபிள் ஸ்திரீகளுமே. ஒரு மிஷனரியின் பொறுப்பில் பல ஊர்கள் இருந்தன. அவர் ஓர் ஊருக்கு வருவது ஆண்டில் சில முறை. மற்ற நாள்களில் ஞாயிறு ஆராதனை, பள்ளி, நோயாளி வீடு, வழக்கு, சாவு ஆகிய எல்லாவற்றுக்கும் நின்றவர் உபதேசியார். சம்பளம் சொற்பம். மாற்றல் உத்தரவு வந்தால் தமிழ் ஊரிலிருந்து தெலுங்கு ஊருக்குப் போக வேண்டும். அங்கே அவரும் அயலாரே. மொழி புதிது, உறவு இல்லை, பிள்ளைகளை விடுதியில் விட வேண்டிய நிலை அவருக்கும் உண்டு. மிஷனரிக்கு ஓய்வு விடுப்பும் கப்பல் செலவும் இருந்தன. உபதேசியாருக்கு அவை இல்லை.

சேம்பர்லினின் 1863ஆம் ஆண்டுப் பயணத்தில் உள்நாட்டு உதவியாளர்கள் உடன் சென்றனர். அதே காடு, அதே வெள்ளம், அதே காய்ச்சல் அவர்களுக்கும் இருந்தது. ஐடா ஸ்கடர் குறித்த புகழ்பெற்ற நிகழ்விலும் இந்த ஏற்றத்தாழ்வு தெரிகிறது. தாயின் நோயால் 1890இல் திண்டிவனம் வந்த அவரை ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து, பிரசவத்தில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்க அழைத்தனர். ஆண் மருத்துவரான தந்தையை அனுமதிக்க அவர்கள் இசையவில்லை. ஐடா மருத்துவம் கற்றவரல்லர். விடியும் முன் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவே அவரை மருத்துவக் கல்விக்கு அனுப்பியது. கதை உலகெங்கும் சொல்லப்பட்டது; ஆயினும் வழக்கமாகச் சொல்லப்படும் வடிவில் அம்மூன்று பெண்களும் கணவரின் சமூகத்தை வைத்தே அடையாளம் காணப்படுகின்றனர். பெயரோடு நினைவில் நின்றவர் ஒருவர் உண்டு. வேலூரில் ஐடாவின் தொடக்ககாலச் சிகிச்சைகளில் உதவியாளராக நின்ற சலோமி, சமையற்காரரின் மனைவி.

மிஷனரிக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான இந்த இடைவெளியை உலக அரங்கில் துணிந்து பேசியவர் ஒரு தமிழர். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1903இல் இந்திய மிஷனரி சங்கம் அமையக் காரணமானவர்களுள் ஒருவர். அச்சங்கம் தெலுங்கு நாட்டின் தோர்னக்கலைத் தன் களமாகக் கொண்டது. அங்கே தமிழரே அந்நிய மிஷனரிகள். புதிய மொழி, புதிய உணவு, குடும்பப் பிரிவு ஆகிய அனைத்தும் அவர்களுக்கும் நேர்ந்தன. 1910இல் எடின்பரோ மாநாட்டில் பேசிய அசரியா, மேலைநாட்டு மிஷனரிமார் தம்மையே ஈந்தும் இந்திய ஊழியரைச் சமமான நண்பராக ஏற்கவில்லை என்று வெளிப்படையாகக் குறை கூறினார். கேட்டோரில் சிலர் முகம் சுளித்தனர். அப்பேச்சின் ஆற்றல் அது வந்த இடத்தில் உள்ளது. மிஷனரி வாழ்வின் துன்பத்தைத் தாமே அறிந்த ஒருவர், அத்துன்பம் மட்டுமே ஒருவரை நண்பராக்கிவிடாது என்று சொன்னார்.

திருப்பதியின் ஜெர்மானியர்

திருப்பதி, காளத்தி, நாயுடுப்பேட்டை, சூலூர்ப்பேட்டை வட்டாரங்களில் பணியாற்றியது வேறொரு மிஷன். ஜெர்மனியின் லூனபர்க் சமவெளியில் லூட்விக் ஹார்ம்ஸ் என்னும் போதகர் 1849இல் தொடங்கிய ஹெர்மன்ஸ்பர்க் மிஷன், உழவரும் கைவினைஞரும் நிறைந்த ஒரு கிராமத்துச் சபையின் முயற்சி. அதன் முதன்மைக் களம் ஆப்பிரிக்கா. ஆகஸ்ட் மிலியஸ் தலைமையில் 1865இல் அது தெலுங்கு நாட்டுக்கு வந்தது. உலகின் பெரிய யாத்திரைத் தலங்களுள் ஒன்றின் அடிவாரத்தில் சிறிய லுத்தரன் சபைகள் மெல்ல உருவாயின. எண்ணிக்கையில் அவை பெரிதாகவில்லை.

அவர்களுடைய பெருந்துன்பம் ஊராரிடமிருந்து வரவில்லை, ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும், அதுவரை கலெக்டரோடு கைகுலுக்கிய ஜெர்மன் போதகர் எதிரிநாட்டுக் குடிமகன் ஆனார். இந்தியாவிலிருந்த ஜெர்மானியர் பலர் அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டனர். 1915–16இல் ‘கோல்கொண்டா’ என்னும் கப்பல் அவர்களில் பெருந்தொகையினரை, பெண்களும் பிள்ளைகளும் உட்பட, தாயகத்துக்குக் கொண்டுசென்றது. போர் முடிந்த பின்னும் சில ஆண்டுகள் ஜெர்மன் மிஷனரிமார் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. ஐம்பது ஆண்டு உழைப்பின் பொறுப்பு அமெரிக்காவின் ஒகாயோ லுத்தரன் சங்கத்திடம் சென்றது.

வெள்ளையர் அனைவரும் ஒரே இனம், ஒரே சமயம் என்று எண்ணியிருந்த ஊர்மக்கள், கிறிஸ்தவ அரசு கிறிஸ்தவப் போதகரைக் கைது செய்வதைக் கண்டனர். இடைக்காலத்தில் ஊர்ச்சபைகளின் அன்றாடப் பொறுப்பு உள்நாட்டுப் போதகர், உபதேசியார் தோள்களில் விழுந்தது. மிஷனரி இல்லாமலும் சபை நடக்கும் என்பதை எந்தக் கொள்கை விளக்கமும் இன்றி அந்த ஆண்டுகள் காட்டின. பின்னாளில் 1945இல் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை தன்னாட்சி பெற்றதை ஆராய்வோர் போர்க்காலத்து அனுபவத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

துன்பத்திலிருந்து எழுந்த நிறுவனங்கள்

மிஷன் வாழ்வின் துன்பங்கள் சில நிலையான நிறுவனங்களாக உருமாறின. பிள்ளைகளைப் பிரியும் துன்பத்துக்கு விடையாக 1901இல் கோடைக்கானலில் மிஷனரிமாரின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி திறக்கப்பட்டது. கடல் கடந்த பிரிவு ஒரு மலைப்பயணத் தூரத்துக்குக் குறைந்தது. இருப்பினும் அந்த ஆறுதல் யாருக்கு என்பதை மறக்கலாகாது. உபதேசியாரின் பிள்ளைகளுக்காக அப்பள்ளி எழவில்லை.

காசநோயின் கதை வேறு. மிஷன் பள்ளி விடுதிகளிலும் ஊழியர் குடும்பங்களிலும் அந்நோய் பரவிக் கொன்றது. பல மிஷன்கள் கூடி மதனப்பள்ளியில் 1912இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை, 1915இல் ஊருக்கு வெளியே ஆரோக்கியவரம் என்று பெயரிட்ட இடத்தில் நிலைபெற்றது. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் பிரிமோட் மோலர் அதன் முதல் தலைவர். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றித் தென்னிந்தியாவெங்கும் இருந்து நோயாளிகள் அங்கு வந்தனர். இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசித் திட்டம் 1948இல் முன்னோடியாகத் தொடங்கப்பட்ட இடங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று. ஐடா ஸ்கடர் 1900இல் வேலூருக்குத் திரும்பி, 1902இல் மருத்துவமனையையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். ஆரோக்கியவரத்தையும் வேலூரையும் கோடைக்கானல் பள்ளியிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான்: இங்கே மிஷனரியின் துன்பமும் ஊராரின் துன்பமும் ஒரே நோயாக, ஒரே சாவாக இருந்தன. அந்நிறுவனங்கள் அரசும் அரசியலும் மாறிய பின்னும் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆய்வுக்குரியது

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆற்காடு மிஷன் வளர்த்த சபைகள் அதில் இணைந்தன. மிஷன் காலம் நிர்வாக அளவில் முடிவுக்கு வந்தது. அதன் வரலாறு இன்னும் பெரும்பாலும் மிஷனரிமாரின் நூல்களையும் தலைமைச் சங்கங்களுக்கு அனுப்பிய ஆண்டறிக்கைகளையும் கொண்டே எழுதப்படுகிறது. அவற்றில் உண்மை உண்டு. அத்துன்பங்களைப் போலி என்று ஒதுக்குவது நேர்மையாகாது. கல்கத்தாவில் புதைத்த குழந்தையும் சிகாகோவில் விட்டுச் சென்ற சிறுமியும் உண்மையே. ஆனால் அவை எழுதப்பட்டதற்குக் காரணம், எழுதுவோருக்கு அச்சகமும் வாசகரும் இருந்தமை.

மறுபாதியை எழுதத் தேவையான ஆதாரங்கள் வேறு வகையானவை. ஊர்ச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பழைய பெயரும் புதிய பெயரும் அருகருகே நிற்கும். சம்பளப் பட்டியல்கள் உபதேசியார் ஒருவர் எத்தனை ஊர்களுக்கு மாற்றப்பட்டார் என்பதைக் காட்டும். விடுதிப் பள்ளிகளின் சேர்க்கைப் புத்தகங்கள், எந்த ஊழியர் தம் பிள்ளையை எந்த வயதில் விட்டுச் சென்றார் என்பதைச் சொல்லும். கல்லறைத் தோட்டங்களில் தமிழிலும் தெலுங்கிலும் பொறித்த கற்களை இன்னும் முறையாகப் படியெடுக்க வேண்டும். இவற்றில் பல கரையான் தின்னும் நிலையில் ஊர்க்கோவில் அலமாரிகளில் கிடப்பவை. ஸ்கடர் குடும்பத்தின் பணிக்காலத்தை ஆயிரத்து நூறு ஆண்டுகள் என்று கூட்டிச் சொல்ல முடிந்தது போல, சித்தூர் முதல் மதனப்பள்ளி வரை, திருப்பதி முதல் சூலூர்ப்பேட்டை வரை பணிசெய்த உபதேசியார், ஆசிரியைகள், பைபிள் ஸ்திரீகள் ஆகியோரின் ஆண்டுகளையும் கூட்டிச் சொல்லும் ஆய்வு ஒன்று வரவேண்டும். பதிவேடுகள் அழியும் முன் அப்பணியைத் தொடங்க இளம் ஆய்வாளர் முன்வருதல் நலம்.